ஒரு மணி நேரத்தில் முடியும் ஆட்டம்: நீளத்தைப் பற்றிய ஒரு பழைய வழக்கு

ஸ்வீடன்காரரான பெர்ட்டில் ஹோர்பெர்க் ஏறக்குறையத் தனியாளாகச் செய்த 'கன்மேன் கிளைவ்' என்ற வீடியோ கேம் 2012-இல் முதலில் கைப்பேசிகளுக்கும், பிறகு நின்டெண்டோ 3டிஎஸ் கையடக்கக் கருவிக்கும் வந்தது. பழுப்பேறிய தாளில் பென்சிலால் கிறுக்கியது போன்ற படங்கள். கௌபாய் ஒருவன் ஓடுகிறான், தாவுகிறான், சுடுகிறான். மொத்தம் 20 களங்கள், வெளியானபோது விலை 1.99 டாலர். கைப்பழக்கம் உள்ளவர் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஆடியவர்களின் கருத்து அப்போதே இரண்டாகப் பிரிந்தது. தொடங்கியதும் முடிந்துவிடுகிறதே என்று ஒரு தரப்பு அங்கலாய்த்தது. இரண்டு டாலருக்கு வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று மறுதரப்பு கேட்டது.

எதிரெதிராகத் தோன்றினாலும் இருவரும் போடுவது ஒரே கணக்குதான்: கொடுத்த காசை ஆடிய நேரத்தால் வகுப்பது. விலை குறைவு என்பதால் நீளக் குறைவை மன்னிக்கிறவர், நீளக் குறைவு ஒரு குற்றம் என்பதை ஒப்புக்கொண்டுதான் மன்னிக்கிறார். ஓடித் தாவிச் சுடும் பழைய பாணி ஆட்டம் ஒன்று சீக்கிரம் முடிந்துவிடுவது உண்மையிலேயே குறையா? இந்தக் கேள்விக்குச் சுமார் நாற்பது ஆண்டுகளாகப் பதில்கள் வந்தபடி இருக்கின்றன. அவற்றில் முக்கியமானவை எங்கிருந்து வந்தன, எந்த இடத்தில் ஆட்டம் காண்கின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாணயம் போட்டு ஆடிய காலம்

இந்த வகை ஆட்டங்களின் அளவை முதலில் நிர்ணயித்தது கல்லாப்பெட்டி. ஆர்கேட் இயந்திரத்தை வாங்கி வைத்த கடைக்காரருக்கு, ஒருவர் ஒற்றை நாணயத்தில் நெடுநேரம் நின்று ஆடுவது நட்டம். ஆடுபவர் சில நிமிடங்களில் சாக வேண்டும், ஆனால் தன் தவறால்தான் செத்தோம் என்று நினைத்து அடுத்த நாணயத்தை எடுக்க வேண்டும். கோனாமி நிறுவனம் 1987-இல் ஆர்கேட்டுக்கு வெளியிட்ட 'கான்ட்ரா' இந்தத் தொழில் நியதிக்குள் பிறந்த ஆட்டம். ஒரே ஒரு குண்டு பட்டாலும் உயிர் போய்விடும்.

அடுத்த ஆண்டே அது வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடும் நின்டெண்டோ பெட்டிக்கு வந்தது. அங்கே நாணயம் கிடையாது. இருந்தும் நாணயக் காலத்துக் கண்டிப்பு அப்படியே கூட வந்தது. எட்டு களங்கள், மூன்று உயிர்கள், அவை தீர்ந்தால் மறுபடி தொடர மூன்று வாய்ப்புகள். இந்த ஆட்டத்தின் கடுமை எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். 'எஸ்' என்ற எழுத்து தாங்கிய ஆயுதத்தை எடுத்தால் குண்டுகள் விசிறிபோல் விரிந்து பாயும்; அது கையில் இருக்கும்வரை எதிரிகள் எளிதாக விழுவார்கள். உயிர் போனால் ஆயுதமும் போய்விடும். அடுத்த உயிர் அதே இடத்தில்தான் வந்து இறங்கும், ஆனால் சாதாரணத் துப்பாக்கியோடு. முதல் சாவுக்குக் காரணமான இடத்தை இப்போது இன்னும் பலவீனமாகக் கடக்க வேண்டும். ஆகவே மூன்று உயிர்கள் என்பது நடைமுறையில் ஒன்றரை உயிர்தான். மூன்றாவது களமான அருவியில் இருவர் சேர்ந்து ஆடும்போது இன்னொரு வம்பு உண்டு: ஒருவர் அவசரப்பட்டு மேலே ஏறினால் திரையும் மேலே நகர்ந்து, கீழே நின்றவர் செத்துப்போவார்.

வழி தெரிந்தவர் இந்த எட்டுக் களங்களையும் அரை மணி நேரத்தில் முடிப்பார். வேகப் போட்டிக்கு ஆடுபவர்கள் பத்து நிமிடத்துக்குள் முடிக்கிறார்கள். புதியவருக்கு மாதக்கணக்கில் பிடிக்கும். இதற்கு நடுவே ஒரு குறுக்குவழியும் இருந்தது. 1986-இல் 'கிரேடியஸ்' ஆட்டத்தை வீட்டுப் பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்த கசுஹிசா ஹஷிமோட்டோ, சோதித்துப் பார்ப்பதற்குக்கூட அது தனக்குக் கடினமாக இருந்ததால் ஒரு ரகசிய விசைத் தொடரைச் சேர்த்தார். மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. கான்ட்ராவின் முகப்புத் திரையில் இதை அழுத்தினால் மூன்று உயிர்கள் முப்பதாகும். அதாவது ஒரே கேசட்டுக்குள் நீளத்தில் வேறுபட்ட இரண்டு கான்ட்ராக்கள் இருந்தன. எதன் நீளத்தை அளப்பது என்ற சிக்கல் அப்போதே தொடங்கிவிட்டது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கான்ட்ரா அறிமுகமானது 1990-களில் பரவிய நகல் பெட்டிகள் வழியாக. டிவி கேம் என்று சொல்லி வாங்கிய அந்தப் பெட்டிகளோடு வந்த கேசட்டுகளில் 9999 ஆட்டங்கள் இருப்பதாகப் போட்டிருக்கும். உள்ளே இருந்தவை சில பத்துகள். பட்டியலில் கான்ட்ரா பல முறை வரும்; ஒன்று முதல் களத்தில் தொடங்கும், மற்றொன்று நடுக்களத்தில், இன்னொன்று கூடுதல் உயிர்களோடு. எண்ணிக்கை பெரிதாகத் தெரிந்தால் சரக்கு நகரும் என்பதை அந்த நகல் வியாபாரிகள் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள்.

காசுக்கு எத்தனை மணி நேரம்?

முதல் நிலைப்பாடு வாங்குபவருடையது. இதை அற்பமானது என்று ஒதுக்குவது விமர்சகர்களின் வழக்கம், அது நியாயமில்லை. கேசட் ஒன்றின் விலை ஒரு குடும்பத்தின் மாதச் செலவில் உறைக்கும் அளவுக்கு இருந்த காலத்தில், சிறுவன் ஒருவனுக்கு ஆண்டில் இரண்டோ மூன்றோதான் கிடைத்திருக்கும். வாங்கியது எவ்வளவு நாள் தாங்கும் என்ற கேள்வி அவனுக்கு வாழ்வாதாரக் கேள்விக்குக் குறைந்ததல்ல. 1990-இல் பிரிட்டனில் தொடங்கிய 'மீன் மெஷின்ஸ்' போன்ற இதழ்கள் படம், ஒலி, ஆடும் சுகம் ஆகியவற்றோடு, எத்தனை காலம் அலுக்காமல் இருக்கும் என்பதற்கும் தனி மதிப்பெண் போட்டன.

இந்த நிலைப்பாடு ஆட்டங்களின் உருவத்தையே மாற்றியிருக்கிறது. 1994-இல் மெகா டிரைவ் பெட்டிக்கு வந்த 'கான்ட்ரா: ஹார்ட் கோர்' ஜப்பானியப் பதிப்பில் ஓர் உயிர் மூன்று அடிகளைத் தாங்கும், எத்தனை முறை வேண்டுமானாலும் தொடரலாம். அமெரிக்கப் பதிப்பில் ஒரே அடியில் சாவு, தொடரும் வாய்ப்புகளுக்கும் வரம்பு. அமெரிக்காவில் கேசட்டுகளை வார இறுதிக்கு வாடகைக்கு எடுக்கும் வழக்கம் பெருகியிருந்ததும், இரண்டு நாளில் முடித்துவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள் என்ற பயமும்தான் இதற்குக் காரணம் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். காரணம் எதுவாக இருந்தாலும் விளைவு கண்கூடு: ஒரே களங்கள், ஒரே எதிரிகள், இரண்டு வேறு நீளங்கள்.

வாங்குபவரின் வாதம் சறுக்கும் இடமும் இதிலேயே தெரிகிறது. நேரத்தை எதைக் கொண்டும் நிரப்பலாம். புதிய களங்களால் நிரப்பலாம், சாவால் நிரப்பலாம், வெறும் நடையால் நிரப்பலாம். மணிக்கணக்கு இவற்றைப் பிரித்துக் காட்டாது. 2015-இல் 'தி ஆர்டர்: 1886' என்ற பெரும் பொருட்செலவு ஆட்டம் வெளியாவதற்கு முன்பே, அது ஐந்து மணி நேரத்தைச் சுற்றித்தான் வரும் என்ற செய்தி பரவி, அதன் தகுதி பற்றிய பேச்சு முழுவதும் கடிகாரத்தைப் பற்றிய பேச்சாகச் சுருங்கியது. ஆட்டம் நன்றாக இருந்ததா இல்லையா என்ற விவாதம் பின்னுக்குப் போனது.

கடிகாரம் சட்டமாகவே ஆன தருணமும் உண்டு. அதே 2015-இல் ஸ்டீம் விற்பனைத் தளம், வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தரும் விதியைக் கொண்டுவந்தது. வாங்குபவருக்கு அது நல்ல பாதுகாப்பு. ஆனால் ஒரு மணி நேர ஆட்டத்தை முழுதாக முடித்துவிட்டும் காசைத் திரும்பப் பெற அது வழி திறந்தது. 'சம்மர் ஆஃப் 58' என்ற சிறிய திகில் ஆட்டத்தை உருவாக்கிய எமிகா கேம்ஸ் 2021-இல், ஆடியவர்கள் நல்லபடியாகச் சொல்லியும் திருப்பிக் கொடுத்த தொகை தாங்க முடியாமல் போனதால் ஆட்டங்கள் செய்வதைக் காலவரையறையின்றி நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அது ஓடிச் சுடும் வகையல்ல என்றாலும், குறும் ஆட்டம் செய்கிற எவருக்கும் அதில் செய்தி இருந்தது: இரண்டு மணி நேரத்தைத் தாண்டும்படி எதையாவது இழுத்து வை.

செறிவு என்னும் வாதம்

இரண்டாவது தரப்பு, சதைப்பற்றில்லாத ஆட்டமே நல்ல ஆட்டம் என்கிறது. இதற்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்று 2007-இன் 'போர்ட்டல்'. சில மணி நேரமே ஓடும் அதைக் குறையென்று சொன்னவர்கள் குறைவு. சுடும் வகையில் சான்று 1996-இல் நியோ ஜியோ இயந்திரத்துக்கு வந்த 'மெட்டல் ஸ்லக்'. ஆறு களங்கள்தான். ஆனால் ஒவ்வொரு வீரனும் திடுக்கிட்டுக் கத்துவதும், பீரங்கி வண்டி குலுங்கி அமர்வதும், கட்டடம் துண்டு துண்டாக இடிந்து விழுவதும் கையால் ஒவ்வொரு படமாக வரையப்பட்டவை. இவ்வளவு உழைப்பை இருபது மணி நேரத்துக்கு நீட்ட முடியாது. நீட்டியிருந்தால் அதே படங்களைத் திரும்பத் திரும்பக் காட்டியிருப்பார்கள்.

இந்த வாதம் கேட்க இனிமையாக இருக்கிறது, அதுவே அதன் ஆபத்து. செறிவு எவ்வளவு என்று அளக்க யாரிடமும் அளவுகோல் இல்லை. பிடித்த ஆட்டத்தைச் செறிவானது என்றும் பிடிக்காததை ஒன்றுமில்லாதது என்றும் சொல்லிவிட்டுப் போய்விடலாம். தேர்வுப் பிழையும் இதில் உண்டு. 1990-களின் ஓடிச் சுடும் ஆட்டங்களில் நாம் இன்று பெயர் சொல்லி நினைவுகூர்பவை வடிகட்டி எஞ்சியவை. அதே அளவில், அதே காலத்தில், ஒரு சரக்கும் இல்லாமல் வந்துபோனவற்றை யாரும் சாட்சிக்கு அழைப்பதில்லை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. செறிவை வலியுறுத்துபவர்கள் பெரும்பாலும் சிறுவயதில் ஆடி, இன்று வேலையும் குடும்பமுமாக நேரம் கிடைக்காத நடுவயதினர். பன்னிரண்டு வயதில் இவர்களே எதிர்த்தரப்பில் நின்றிருக்கக்கூடும்.

திரும்பத் திரும்ப ஆடுவது

மூன்றாவது நிலைப்பாடுதான் கோட்பாட்டளவில் வலுவானது என்று தோன்றுகிறது. அதன்படி, முதல் முறை முடிக்க ஆகும் நேரம் இவ்வகை ஆட்டத்தின் நீளமே அல்ல; தேர்ச்சி பெற ஆகும் நேரமே நீளம். தத்துவப் பேராசிரியர் பெர்னார்ட் சூட்ஸ் 1978-இல் வெளியிட்ட 'தி கிராஸ்ஹாப்பர்' நூலில், விளையாட்டு என்பது எளிய வழி இருக்கும்போதே கடின வழியை விரும்பி ஏற்பது என்ற கருத்தை விரித்தார். கோல்ஃப் பந்தைக் கையால் எடுத்துக் குழியில் போடலாம். போட்டால் ஆட்டம் இல்லை. டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் யெஸ்பர் யூல் 2013-இன் 'தி ஆர்ட் ஆஃப் ஃபெயிலியர்' நூலில், வாழ்க்கையில் தோல்வியைத் தவிர்க்கும் மனிதர்கள் தோல்வி நிச்சயமான ஆட்டங்களைத் தேடிப் போவது ஏன் என்று ஆராய்ந்தார். இந்தக் கண்ணோட்டத்தில் கான்ட்ராவின் எட்டுக் களங்கள் ஒரு பாடத்திட்டம். அரை மணி நேரம் என்பது பரீட்சை எழுத ஆகும் நேரம் மட்டுமே.

இதன் நவீன உச்சம் என 2015-இல் வந்த 'டவுன்வெல்'லைச் சொல்லலாம். டோக்கியோவில் ஓபரா இசை பயின்ற ஓஜிரோ ஃபுமோட்டோ செய்தது. பெரும்பாலும் கறுப்பு, வெள்ளை, சிவப்பு என்ற மூன்றே நிறங்கள். ஒரு சிறுவன் கிணற்றுக்குள் விழுந்துகொண்டே இருக்கிறான், காலணியில் துப்பாக்கி. தாவும் பொத்தானும் சுடும் பொத்தானும் ஒன்றேதான். காற்றில் இருக்கும்போது அழுத்தினால் குண்டு கீழ்நோக்கிப் பாயும், அந்த உதைப்பில் விழும் வேகம் குறையும். தரையைத் தொட்டாலோ எதிரியின் தலையை மிதித்தாலோ குண்டு மீண்டும் நிரம்பும். தரையைத் தொடாமலேயே தொடர்ந்து எதிரிகளை வீழ்த்தினால் பரிசு கூடும். சுடுவதும் தாவுவதும் தப்பிப்பதும் ஒரே செயலாகிவிடுவதால், பாதுகாப்பாகத் தரையில் நிற்கலாமா, பேராசையில் தொடர்ந்து விழலாமா என்பதே ஒவ்வொரு கணத்தின் முடிவும். கிணறு ஒவ்வொரு முறையும் புதிதாக அமைகிறது. அடி வரை போய்ச் சேர்ந்தவருக்கு ஒரு முறை ஆட அரை மணி நேரம்கூட ஆகாது. அங்கே போய்ச் சேரவே பலருக்கு வாரங்கள் ஆகும்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் காட்ட வேண்டும். மூன்றாம் தரப்பார் இதைப் பெரும்பாலும் பூசி மெழுகிவிடுகிறார்கள். கான்ட்ராவில் எதிரி எங்கே வருவான் என்பது மாறாது. அங்கே திரும்ப ஆடுவது மனப்பாடம், மனப்பாடம் ஆனதும் அது தீர்ந்துபோகும். டவுன்வெல்லில் மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை, பழகுவது கைவாகு. இரண்டுக்கும் 'மறுபடி ஆடலாம்' என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்தினால் குழப்பமே மிஞ்சும்.

பெரிய பலவீனம் வேறு. தேர்ச்சிதான் நீளம் என்றால், தேர்ச்சி பெறும் கட்டாயம் இருக்க வேண்டும். இன்று மறுவெளியீடாக வரும் மெட்டல் ஸ்லக்கில் பொத்தானை அழுத்த அழுத்த நாணயம் விழுந்துகொண்டே இருக்கும். செத்த இடத்திலேயே எழுந்து நின்று சுடலாம். ஒன்றும் கற்காமலேயே ஒரு மணி நேரத்துக்குள் கடைசித் திரை வந்துவிடும். 2019-இன் 'கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷன்' தொகுப்பில் நடுவிலேயே சேமித்து வைக்கும் வசதி இருக்கிறது. இந்த வழிகளில் ஆடியவர் 'ரொம்பச் சின்னது' என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் ஆடியது உண்மையிலேயே சின்னதுதான்.

கடுமையைக் கட்டாயமாக்கினால் பலர் வெளியே நின்றுவிடுவார்கள் என்ற எதிர்வாதமும் வலுவானது. 2017-இல் வந்த 'கப்ஹெட்' எளிய முறை ஒன்றைத் தந்தது, ஆனால் அந்த முறையில் மட்டும் ஆடினால் இறுதிக் கட்டத்துக்குள் நுழைய முடியாது. காசு கொடுத்து வாங்கியதன் ஒரு பகுதியைப் பூட்டிவைக்க உருவாக்கியவருக்கு என்ன உரிமை என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 2024-இன் 'கான்ட்ரா: ஆப்பரேஷன் கலூகா' வேறு வழியில் போனது. ஒரே அடியில் சாவு வேண்டுமா, சில அடிகள் தாங்க வேண்டுமா என்று ஆடுபவரையே கேட்கிறது. ஜப்பானிய, அமெரிக்க ஹார்ட் கோர் பதிப்புகள் இரண்டும் முப்பது ஆண்டுகள் கழித்து ஒரே பட்டியலில் வந்து அமர்ந்தது போல.

பழமையின் பேரில் எவ்வளவு?

புதிதாகச் செய்யும் பழைய பாணி ஆட்டங்களுக்குக் கூடுதலாக ஒரு சமாதானம் உண்டு: அந்தக் காலத்து ஆட்டங்கள் சிறியவை, ஆகவே இதுவும் சிறியது. பிரேசிலின் ஜாய்மாஷர் 2019-இல் வெளியிட்ட 'பிளேசிங் குரோம்' போன்றவற்றைப் பற்றிய பேச்சில் இது அடிக்கடி தலைகாட்டுகிறது. அந்த ஆட்டத்தின் கைநேர்த்தியை மறுக்க முடியாது. சமாதானம்தான் நிற்கவில்லை.

ஏனென்றால் பழமையை யாரும் முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. 2014-இல் 'ஷவல் நைட்' ஆட்டத்தைச் செய்தவர்கள் பழைய நின்டெண்டோ பெட்டியின் விதிகளில் எவற்றை மீறினோம் என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். அந்தப் பெட்டியால் ஒரு கிடைக்கோட்டில் எட்டு நகரும் படத்துண்டுகளுக்கு மேல் காட்ட முடியாது. மிஞ்சினால் படம் மினுக்கும். ஷவல் நைட்டில் மினுக்கல் இல்லை, திரை அகலமானது, நிறங்களும் சில கூடுதல். யூல் 2019-இன் 'ஹேண்ட்மேட் பிக்சல்ஸ்' நூலில் சொல்வதுபோல், இத்தகைய பிக்சல் படங்கள் பழைய ஆட்டத்தின் சித்திரிப்பைச் சித்திரிப்பவை. அப்படியானால் மினுக்கலைக் கழித்துவிட்டு நீளத்தை மட்டும் வைத்துக்கொண்டது ஒரு தேர்வு. அந்தத் தேர்வை ஆட்டத்தின் தகுதியைக் கொண்டுதான் நியாயப்படுத்த வேண்டும், வரலாற்றைக் காட்டி அல்ல. சிறு குழுக்களிடம் பணமும் ஆளும் குறைவு என்பது பல சமயங்களில் உண்மைக் காரணமாக இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குறைந்த வசதியிலும் வழி உண்டு: கன்மேன் கிளைவை முடித்தவருக்கு, கௌபாய்க்குப் பதிலாக ஆட ஒரு வாத்து கிடைக்கிறது. அதற்குச் சுடத் தெரியாது. துப்பாக்கி ஆட்டத்தின் அதே களங்களைத் துப்பாக்கி இல்லாமல் கடந்தாக வேண்டும். புதிதாக ஒரு களம்கூட வரையாமல் ஆட்டத்தை இரட்டிப்பாக்கிய அந்தக் குறும்பு, பழமையைக் காட்டி எழுதும் பல பக்கச் சமாதானங்களைவிட நல்ல பதில்.

முடிவு எட்டாத இடங்கள்

மூன்று நிலைப்பாடுகளில் எதுவும் தனியாக நிற்கப் போதுமானதல்ல. ஆயினும் அவற்றை அருகருகே வைத்தால் ஒன்று தெளிவாகிறது: இவ்வகையில் நீளமும் கடுமையும் இரண்டு தனிக் குணங்கள் அல்ல. உயிர்களின் எண்ணிக்கையை மாற்றினால் நீளம் மாறுகிறது. ஆகவே 'இரண்டு மணி நேர ஆட்டம்' என்ற சொற்றொடருக்கு, எந்த அமைப்பில் என்று சொல்லாதவரை, பொருள் மிகக் குறைவு.

தீராத கேள்விகள் வேறு சில இருக்கின்றன. சிறுவயது நினைவு ஏதும் இல்லாமல் இன்று முதன்முதலாக இவ்வகையைத் தொடும் இளையவர், ஒரே களத்தை இருபது முறை ஆடுவதைப் பாடமாகக் கொள்வாரா, தண்டனையாகக் கொள்வாரா? உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. டவுன்வெல்லின் வரவேற்பு முதல் பதிலுக்குச் சாதகமாகத் தெரிகிறது, ஆனால் அதில் கிணறு மாறிக்கொண்டே இருக்கிறது; கான்ட்ராவின் மாறாத களங்களுக்கு அதைச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆடுபவரே கடுமையைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு நீளத்தைப் பற்றிய புகாரைக் குறைக்கிறதா கூட்டுகிறதா என்பதும் தெளிவாகவில்லை. எளிய முறையை எடுத்தவர் சீக்கிரம் முடித்து ஏமாற்றமடையும் வாய்ப்பு எப்போதும் இருக்கிறது.

இதற்கெல்லாம் விடை வரும்வரை, விமர்சனம் எழுதுவோர் ஒன்று செய்யலாம். எத்தனை மணி நேரம் என்று எழுதும்போது, எத்தனை உயிர்களோடு, எந்த அமைப்பில், எத்தனை முறை தொடர்ந்து ஆடினோம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வாங்குபவருக்குத் தேவையான தகவல் அதில்தான் இருக்கிறது.